மஞ்சள் படாத தாள்

சங்கரன்கோவில்,
12.9.2025

அன்புத் தம்பி இசக்கித்துரைக்கு,

அக்கா ராஜகுமாரி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தான் முழங்கால் வலியோடு சுகம். நீ அல்சர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? எம்.எல்.ஏ. ஹாஸ்டல் கேண்டீனில் எதைக் கேட்டாலும் காரத்தை அள்ளிக் கொட்டித்தான் தருவார்களாமே. தயிர் வாங்கி ஊற்றிச் சாப்பிடு.

தேர்தல் நெருங்குகிறது, போனில் எவன் எதை ரெக்கார்டு பண்ணுவான் என்று தெரியாது, எதுவானாலும் எழுது என்று ஆடித்தபசுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாய். எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? எட்டாம் வகுப்பில் நீ குளத்தில் கும்மாளம் போட்டதற்குக் 'காய்ச்சல்' என்று அப்பா பெயரில் லீவு லெட்டர் எழுதியவளே நான்தானே. சத்துணவு அமைப்பாளர் வேலையை விட்டுவிட்டு வந்து, நாலரை வருஷமாக உன் பெயரில் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறேன். நீ கையெழுத்து மட்டும்தான் போடுகிறாய்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன வெறும் லெட்டர்பேடில் இன்னும் பதினாலு தாள்தான் பாக்கி. காலை ஏழு மணிக்கே வாசலில் செருப்பு நிறைந்துவிடுகிறது. கடையநல்லூர் மகபூப் பீவி மூன்றாவது தடவையாக வந்துவிட்டாள். வெளிநாட்டில் அவள் மகன் சாதிக்கின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறானாம். சென்னைக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

புது பேடு வந்ததும் அனுப்பு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஒவ்வொரு தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைக்கிறேன், வரும்போது கையெழுத்துப் போடு. கட்சிக்காரர்கள் கேலி பண்ணுகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளாதே. நீ ஜெயித்ததும் நான் எழுதிய முதல் லெட்டர் திருவேங்கடம் ரோட்டுக்கு. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போலத் தடவிக் கொடுத்தேன், மூன்றே மாதத்தில் ரோடு வந்தது. அதிலிருந்து மஞ்சள் இல்லாமல் ஒரு தாள்கூட இந்த வீட்டை விட்டுப் போனதில்லை. ஆபீசுகளில் "மஞ்சள் லெட்டரா, குடுங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

இன்னொன்று. அம்மா பிறந்த ஆவரங்குளத்திலிருந்து சங்கரசுப்பு மாமா வந்திருந்தார். குளத்துக்கு மேற்கே இருக்கும் பொத்தைக் குன்றை வெடி வைத்து உடைத்துக் கல்குவாரி போடப்போவதாக ஊரில் பேச்சாம். பொத்தைத் தண்ணீர் வராவிட்டால் குளம் ஏது, கிணறு ஏது? "எம்.எல்.ஏ. நம்ம பிள்ளை. அவன் இருக்கையில எவன்ட்டி உள்ள வருவான்?" என்று அவரே கேட்டு அவரே சமாதானம் ஆகிப் போனார். நீ எதற்கும் ஒரு வரி எழுது.

ஆசிகளோடு,
ராஜகுமாரி


சென்னை,
29.9.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அத்தான் அவர்களின் நலமும் அறிய விழைகிறேன். மாத்திரைகள் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடியும் வாய்ப்புக் கேட்டு நம் தொகுதியில் மட்டும் பதினெட்டுப் பேர் முயல்கிறார்கள். மாவட்டச் செயலாளர் அண்ணாச்சி யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் சீட்டு. ஆகவே வாரம் மூன்று நாள் அவர் பின்னாலேயே செல்ல வேண்டியுள்ளது.

கல்குவாரி தொடர்பாக எந்தத் தகவலும் என் கவனத்துக்கு வரவில்லை. மாமாவைப் பதற்றப்பட வேண்டாம் என்று சொல்லவும். புதிய பேடு அடுத்த மாதம் வரும். இக்கடிதத்தை உதவியாளர் துரைப்பாண்டி தட்டச்சு செய்வதால் சுருக்கமாக முடிக்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
இசக்கித்துரை


சங்கரன்கோவில்,
11.10.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் எப்போதிருந்து உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? உன் அத்தான் வாசித்துவிட்டு, "யாருக்கோ வந்த நோட்டீசைப் பிரிச்சிட்டியா?" என்று கேட்டார். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி உன் கையால் எழுதினால் ஆட்சியா கவிழ்ந்துவிடும்? சரி, அது கிடக்கட்டும்.

நேற்று மாமா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஒரு ஜெராக்ஸை நீட்டினார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஊர்க்காரர்கள் வாங்கியதாம். உன் லெட்டர்பேடு. உன் பெயர், கீழே உன் கையெழுத்து. 'ஆவரங்குளத்தில் கல்குவாரி அமைந்தால் வேலைவாய்ப்புப் பெருகும். ஊர் மக்களிடையே எதிர்ப்பு எதுவும் இல்லை. உரிமம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' ஆகஸ்ட் 18 என்று தேதி.

"ஏட்டி, இதை நீ எழுதுனியா, அவன் எழுதுனானா? எதிர்ப்பு இல்லைன்னு எங்ககிட்ட வந்து கேட்டது யாரு?" என்றார். வாழ்நாளில் மாமா என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. போலிக் கையெழுத்து மாமா, கோமதியம்மன் சத்தியமாகத் தம்பி இப்படிச் செய்யமாட்டான் என்று அடித்துச் சொன்னேன். உள்ளே வாருங்கள், ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்று கெஞ்சியும் அவர் படியேறவில்லை.

போலி என்று நீ உடனே எழுதி அனுப்பு. போலீசில் கொடுப்போம். கையெழுத்து மட்டும் அப்படியே உன்னுடையது போல இருக்கிறது. அந்தக் கடைசிச் சுழிப்பு முதற்கொண்டு. 

உடம்பைப் பார்த்துக்கொள்.
ராஜகுமாரி


சென்னை,
3.11.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தீபாவளிக்கு வர இயலாமைக்கு வருந்துகிறேன். அத்தான் அவர்களுக்கு நல்ல எலும்பு மருத்துவர் ஒருவரைப் பாளையங்கோட்டையில் விசாரித்துள்ளேன்.

தாங்கள் குறிப்பிட்ட கடிதம் என்னால் வழங்கப்பட்டதன்று. சென்னையிலிருந்து செல்பவை அனைத்தும் இங்கே பதிவேட்டில் உள்ளன. எனவே வீட்டிலுள்ள கையெழுத்திட்ட தாள்களில் ஒன்று கைமாறியிருக்க வேண்டும். யார் யார் வருகிறார்கள், தாள்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதைத் தாங்கள் விசாரித்து எழுதவும். தங்களைக் குறை சொல்வதாகக் கருத வேண்டாம்.

காவல் துறைக்கு இப்போது செல்ல வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
இசக்கித்துரை


சங்கரன்கோவில்,
22.11.2025

தம்பிக்கு,

இங்கே நல்ல மழை. கரிசலில் கால் வைக்க முடியவில்லை. உளுந்து நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். நீ சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேள். தாள்கள் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கின்றன. சாவி எப்போதும் என் இடுப்பில். எந்தத் தாள் யாருக்கு, எதற்கு என்று நோட்டில் இருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் நீ சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று புத்தி அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பீரோவைத் திறந்துபோட்டுவிட்டுப் பால்காரரிடம் பேசப் போனதும், அப்போது கூடத்தில் மகபூப் பீவி ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை அவள் வந்தபோது முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "யக்கா, எம் புள்ள பேப்பரை ஒருத்தன் புடுங்கி வச்சிருக்கான்னுதான் உங்க வாசல்ல கிடக்கேன். அடுத்தவுக பேப்பரை நான் தொடுவேனா? அல்லா பார்த்துக்கிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை.

என்னோடு படித்த ஹெலன் ஒரு அரசு ஆபீசில் இருக்கிறாள் அல்லவா, அவள்தான் சொன்னாள். "ஜெராக்ஸை வச்சுக்கிட்டு ஏன் மண்டையை உடைக்கே? பைலைப் பார்க்கலாம்னு உங்க மாமா மனுவுக்கே பதில் வந்திருக்கும், போய் ஒரிஜினலைப் பாரு" என்று. நேற்று முன்தினம் மாமாவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பைலைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஜெராக்ஸில் மஞ்சள் தெரியாது. ஒரிஜினலில் தெரியவேண்டும் இல்லையா? நாலு மூலையும் வெள்ளை. திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விரலால் தேய்த்து முகர்ந்துகூடப் பார்த்தேன். மாமா, "என்னட்டி பேப்பரை மோந்து பாக்கே?" என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை மாமா என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். 

தம்பி, அது நம் வீட்டுத் தாள் இல்லை. இதற்கு மேல் நான் எழுதவில்லை. மீதியை நீ எழுது.

ராஜகுமாரி


சென்னை,
6.12.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். மழைக்காலமாதலால் தாங்களும் அத்தான் அவர்களும் உடல்நலத்தில் கவனம் கொள்ளவும்.

இந்த விவகாரம் தலைமை வரை சென்றுவிட்டது. விளக்கம் கேட்டுள்ளனர். இன்று பத்திரிகையாளர்களும் கேட்டதால், வீட்டில் இருந்த தாள் ஒன்று என் சகோதரியின் கவனக்குறைவால் தவறாகப் பயன்பட்டிருக்கலாம் என்று சொல்ல நேர்ந்தது. நாளைய நாளிதழ்களில் வரும். தாங்கள் வருந்த வேண்டாம்.

இத்துடன் ஒரு வாக்குமூலம் உள்ளது. அக்கடிதம் தங்களால் எனக்குத் தெரியாமல் வழங்கப்பட்டது என்ற நான்கு வரிகள் மட்டுமே. கையொப்பமிட்டு அனுப்பவும். மஞ்சளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு தாளில் தடவ மறந்துவிட்டேன் என்று தாங்கள் சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

தாங்கள் தேர்தலில் நிற்கப்போவதில்லை. இதனால் தங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. எனக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தங்கள் அன்புத் தம்பி,
இசக்கித்துரை


சங்கரன்கோவில்,
13.12.2025

இசக்கித்துரைக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனசு இல்லை.

எனக்கு இழப்பு எதுவும் இல்லையாமே! அதையும் துரைப்பாண்டியை உட்காரவைத்து டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். ஏலே, நாலரை வருஷம் இந்தத் தொகுதியில் நான் சம்பாதித்தது என்ன தெரியுமா? "ராஜகுமாரிக்கா கையில குடுத்தா போதும், போய்ச் சேர்ந்திரும்" என்கிற ஒரு பேச்சு. அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பேப்பரில் செய்தி வந்த அன்றைக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு முழம் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம், "தம்பி கையெழுத்தை வித்தவ வாரா பாரு" என்றாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். பூ வாங்காமலே வந்துவிட்டேன்.

ஒரு தாளில் தடவ மறந்துவிட்டேன் என்று சொல்லவேண்டுமாம். நான் மறக்கிறவளா? உன் பிறந்த நட்சத்திரத்தை நீ மறந்திருப்பாய், நான் மறந்ததில்லை. மறந்தது நீதான். கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடும்போது ஒரு தடவையாவது தாளின் மூலையைப் பார்த்திருந்தால், இந்தப் பொய்யை வேறு மாதிரி சொல்லியிருப்பாய். உன்னை நம்பி, பாவம் ஒருத்தியைத் திருடி என்று கேட்டேனே. 

நீ அனுப்பிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பீரோவில் பாக்கி இருந்தது ஐந்து தாள். நாலைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டேன். ஐந்தாவது இதற்குள் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறது, கீழே உன் கையெழுத்து இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. நினைத்தால் நானே எழுதி நானே கொடுத்திருப்பேன், நீ எழுதியது என்றுதான் ஊரும் நம்பும். ஆனால் அப்படிச் செய்தால் நீ பேப்பரில் சொன்னது நிஜமாகிவிடும். அதனால் உன் கையால் நீயே எழுது. ஆவரங்குளத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஜனவரி 20. அதற்குள் வரவேண்டும்.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்,
5.1.2026

தம்பிக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. டிவியில் மாவட்டச் செயலாளருக்குப் பின்னால் நீ நிற்பதைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. மாத்திரை போடுகிறாயா இல்லையா?

இப்போதெல்லாம் வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. ஏழு மணிக்கு எழுந்து பழக்கமாகிவிட்டது, என்ன செய்வது என்று தெரியாமல் வாசலை இரண்டு தடவை கூட்டுகிறேன். உன் அத்தான், "உனக்கு ஓய்வு கிடைச்சிருக்கு, உக்காரேன்" என்கிறார். உட்கார முடியவில்லை.

கடையநல்லூர் போய் மகபூப் பீவியிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் வைத்தே கேட்டேன், நாலு பேர் பார்க்க. "நீங்க வந்து கேட்டுட்டியளே, போதும்க்கா. கேட்காமயே இருந்திருந்தாத்தான் எனக்கு ஆறியிருக்காது" என்றாள். ரொட்டியும் சால்னாவும் வைத்துச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம். சாதிக் போன மாசமே ஊர் வந்துவிட்டானாம், மஞ்சள் லெட்டர் வேலை செய்துவிட்டது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுது தம்பி. திட்டியாவது எழுது.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்,
21.1.2026

தம்பிக்கு,

பொங்கல் சுமாராகப் போனது. நேற்று கூட்டம். ஆவரங்குளத்தில் இடம் போதாது என்று மேலநீலிதநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். இருநூறு முந்நூறு பேர். ஆட்டை அடைத்துப்போட்டுவிட்டு ஊரே வந்திருந்தது. உன் துரைப்பாண்டியும் வந்திருந்தார், கையில் வாக்குமூலமும் பேனாவுமாகத் தூணோரம் நின்றார். "அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. அண்ணன் தவிச்சுப் போய் இருக்காங்க" என்றார். தவிக்கிறவன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டார்.

கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி உன் கடிதத்தை வாசித்தார். எம்.எல்.ஏ.வே எதிர்ப்பு இல்லை என்கிறாரே என்றார். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றேன். 

"இதை நான் எழுதலை சார். எங்க வீட்டுல இருந்து போற தாள்ல நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். இந்த மாவட்டத்துல எந்த ஆபீஸ்ல வேணாலும் எடுத்துப் பாருங்க. இதுல இல்லை" என்றேன்.

"அப்போ யார் எழுதினதும்மா?"

"கையெழுத்துப் போட்டவங்களைக் கேளுங்க சார்."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நீதான் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "அக்காளும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடுதாவ!" என்று கத்தினான். சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அது எல்லாவற்றையும்விட வலித்தது.

பிப்ரவரி 5க்குள் எம்.எல்.ஏ. எழுத்தில் பதில் கொடுக்காவிட்டால் இந்தக் கடிதம் செல்லும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இனி நான் எழுதப்போவதில்லை. எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

ராஜகுமாரி


சென்னை,
28.1.2026

அக்கா,

சுகமா இருக்கியா? நான் சுகமா இல்லை.

இதை நானே எழுதுதேன். துரைப்பாண்டியை ஊருக்கு அனுப்பிட்டேன். கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கேன். எழுதி எத்தனை வருசமாச்சுன்னு தெரியலை, கை வலிக்கி.

ஆகஸ்ட்ல மாவட்டச் செயலாளர் கூப்பிட்டாரு. மறுபடி சீட்டு வேணுமா தம்பின்னு கேட்டாரு. வேணும் அண்ணாச்சின்னேன். அடிச்சு வச்சிருந்த பேப்பரை நீட்டுனாரு. என் பேடுதான், என்கிட்ட இருந்து வாங்கி வச்சிருந்தது. வாசிக்காம போட்டுட்டேன்னு உன்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். அதுவும் பொய். வாசிச்சேன். ஆவரங்குளம்னு ஊர் பேரையும் வாசிச்சேன். ஒரு நிமிசம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு கடிகாரத்தைப் பார்த்தாரு. போட்டுட்டேன்.

அப்புறம் உன் பேரைச் சொன்னது யாரும் சொல்லித் தந்தது இல்லை. நானாத்தான் சொன்னேன். சின்ன வயசுல இருந்து எது உடைஞ்சாலும் அக்காதான்னு சொல்லுவேன், நீயும் ஆமான்னு சொல்லிக்கிடுவ. அந்த நினைப்புலயே சொல்லிட்டேன்.

நீ அனுப்புன தாள்ல மூணு தடவை எழுதி அடிச்சு அது நாசமாயிட்டு. புதுசா ஒண்ணு எடுத்து எழுதியிருக்கேன். வெறும் வெள்ளையா அனுப்ப மனசு வரலை. கீழ கேண்டீன்ல போயி கொஞ்சம் மஞ்சள் கேட்டேன். நாலு மூலைக்கும் தடவியிருக்கேன். உனக்கு வார மாதிரி வரலை, ஒரு பக்கம் பரவி ஈசிட்டு.

நாளைக்குச் சீட்டுக்கு நேர்காணல். இதை இன்னைக்கே ஸ்பீடு போஸ்ட்ல போடுதேன். நாளைக்குன்னு வச்சா போட மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

அத்தானைக் கேட்டதா சொல்லு.

துரை

(இத்துடன் இருந்த தாள்)

கலெக்டர் அவர்களுக்கு,

18.8.2025 தேதியிட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். என் அக்கா ராஜகுமாரிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊர் மக்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தே செய்தது. பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

வெ. இசக்கித்துரை, எம்.எல்.ஏ.


சங்கரன்கோவில்,
4.2.2026

அன்புத் தம்பி துரைக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். உன் அத்தான் நீ சொன்ன டாக்டரிடம் போய்வந்தார், இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

உன் கவரைப் பிரித்ததும் எனக்கு அடுக்கு அடுக்காகத் தும்மல். நாலு தும்மல் தும்மிவிட்டுத்தான் வாசிக்கவே முடிந்தது. வாசித்துவிட்டு அழுதேன். அழுதது எதற்கு, தும்மியது எதற்கு என்று உன் அத்தானுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நேற்று நானும் மாமாவும் கலெக்டர் ஆபீசில் நேரில் கொடுத்தோம். அன்றைக்கு வந்த அதே அதிகாரிதான். இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் தாளின் மூலையைப் பார்த்தார், மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "என்னம்மா, சாம்பார் வாசம் அடிக்கி?" என்றார்.

"எங்க தம்பி எழுதினதுதான் சார். அவன்தான் தடவியிருக்கான். மஞ்சப்பொடி எது, சாம்பார்பொடி எதுன்னு அவனுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகலில் சீல் வைத்துக் கொடுத்தார். இப்போதைக்கு உரிமம் கிடையாது, பைலைத் திருப்பி அனுப்பப்போகிறோம் என்றார். வெளியே வந்ததும் மாமா அந்த நகலை வாங்கி நடுரோட்டில் நின்று இன்னொரு தடவை வாசித்தார். நேராக நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "காப்பி போடுட்டி" என்றார்.

நேர்காணலில் உன்னை இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்களாம். கடிதம் போட்டுவிட்டேன் என்று நீயே அங்கே வாய்விட்டுச் சொன்னாயாம். இதெல்லாம் துரைப்பாண்டி விசாரித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை. பரவாயில்லை, எழுதாததையும் நான் வாசிப்பேன். சீட்டு போனது எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். நாலரை வருஷம் நானும் சேர்ந்து ஓடியது அல்லவா. ராத்திரி படுத்தால் அடுத்தது என்ன என்றுதான் மனசு அலைகிறது.

இன்றைக்குக் காலை வாசலில் மூன்று ஜோடி செருப்பு. தண்ணீர்த் தொட்டி, முதியோர் பென்ஷன், பட்டா. உன் பதவி முடிய இன்னும் மூன்று மாசம் இருக்கிறது என்று அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் தாள் இல்லை என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்ட வெறும் தாள் இனி இந்த வீட்டுக்கு வரவும் கூடாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உன்னை வரச்சொல்லியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் பக்கத்தில் இருப்பேன், நீயே உட்கார்ந்து கேட்டு நீயே எழுதவேண்டும். ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் வந்துவிடலாம்.

ஒரு பொட்டலம் மஞ்சப்பொடி இதற்குள் வைத்திருக்கிறேன். வரும்வரை முகர்ந்து பார்த்துப் பழகிக்கொள்.

உன் அக்கா,
ராஜகுமாரி